இது யாரோட வெளிச்சம்?

"...பேரு வைக்கிறதுக்கு முன்னாடி பெத்தவங்க யாருன்னு தெரியணும் இல்லண்ணே. புள்ளைக்கு மட்டும் இல்ல, வெளிச்சத்துக்கும் அப்படித்தான்" என்று அந்தப் பிள்ளை சொன்னது என் கடையில் வைத்துத்தான். அவளுடைய அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடி அழுகிற முகத்தோடு நின்றாள். பக்கத்து டீக்கடைக்காரர் வாயை மூடிக்கொண்டு நின்றார். அதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அதற்கு அப்புறம் அவள் செய்த காரியத்தைச் சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவள் எப்படிப்பட்டவள் என்று தெரியாமல் அந்தக் காரியத்தை மட்டும் சொன்னால், என்னவோ ஒரு டேப் கதை என்று போய்விடும்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் எனக்கு ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன் கடை. நான் பத்தாவதோடு நின்றவன். பைண்டிங்குக்கு வருகிற கல்லூரிப் புத்தகங்களை ஓட்டை போடுவதற்கு முன்னால் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிடுவேன். கொஞ்சம் புரியும். புரியாததை எழுதினவர்களிடமே கேட்பேன். பெரும்பாலானவர்கள், "அதெல்லாம் கஷ்டம்ணே" என்று சொல்லிவிட்டு மொபைலைப் பார்ப்பார்கள். இந்தப் பிள்ளை அப்படிச் சொன்னதே இல்லை. கேட்டவன்தான் ஓட வேண்டும், அப்படி விளக்குவாள்.

முதல் தடவை வந்தது டேப் வாங்க. ஒரு ரோல் கொடுத்தேன். காசை நீட்டவில்லை. கொஞ்சம் இழுத்து, புறங்கையில் ஒட்டி, மெதுவாகப் பிய்த்து, ஒட்டின இடத்தை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். அடுத்த ரோல். அதுவும் வேண்டாம். கடையில் இருந்த எல்லா டேப்பும் அவள் கையில் ஒட்டிப் பிரிந்தது.

"என்னம்மா, கை முடியைப் புடுங்கவா டேப்பு வாங்குறே?" என்றேன்.

"இல்லண்ணே. ஒட்டணும். ஆனா பிரியறப்ப பசையை விட்டுட்டுப் போவக்கூடாது. அப்படி ஒண்ணு வேணும்."

கடைசியில் ஒரு ரோலை எடுத்துக்கொண்டு போனாள். அவள் சொன்ன அந்த வாக்கியத்தை நான் அன்று சாயங்காலமே டீக்கடையில் போய்ச் சொன்னேன். டீக்கடைக்காரர் வடைச் சட்டியிலிருந்து நிமிராமல், "அப்படி ஒரு மாப்பிள்ளை கெடைச்சா எனக்கும் சொல்லச் சொல்லுங்க, என் பொண்ணு இருக்குது" என்றார். அன்று முதல் அவளுக்கு அவர் வைத்த பெயர் டேப்பு டாக்டர். அப்போது அவள் டாக்டர் ஆகவில்லை. சென்னைப் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிப் படிப்பு. மாதத்துக்கு ஒரு தரம் ரயிலேறி ஊருக்கு வருவாள். அப்பா மெக்கானிக். அம்மா செராமிக் பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை, பளபளப்பு தருகிற க்ளேஸ் குழம்பில் முக்கி எடுக்கிற வேலை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் அதிகம், அக்காவின் பிள்ளைகள். அதனால் நுணுக்கமான வேலையை என் கடை மேஜைக்குக் கொண்டுவந்து விடுவாள்.

அந்த வேலையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். சின்ன டப்பாவிலிருந்து இடுக்கியால் ஒரு கறுப்புத் துணுக்கை எடுப்பாள். ஜிகினா மாதிரி மினுங்கும். டேப்பில் ஒட்டுவாள். டேப்பை மடித்து அமுக்கிப் பிரிப்பாள். ஒன்று இரண்டாகிவிடும். மறுபடி மடித்துப் பிரிப்பாள். இரண்டு நாலாகும். இப்படியே மடித்து மடித்துப் பிரிக்க, கறுப்பு சாம்பலாகி, சாம்பல் புகை மாதிரி ஆகி, கடைசியில் டேப்பில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்போதுதான் அவள் முகம் மலரும்.

"இது என்னா தெரியுதாண்ணே? எங்கப்பா பேரிங்குக்குப் போடறாரே, கறுப்பு கிரீஸு, அதுல கலந்திருக்கிற சாமான்தான். பரோட்டா மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். அதனாலதான் கிரீஸுல போடறாங்க."

"சரி, அதைப் பிச்சு என்னா பண்ணப் போறே?"

"ஒத்தை ஏடு எடுக்கணும். ஒரே ஒரு அடுக்கு. மூணு அணு கனம்தான் இருக்கும்."

டீக்கடைக்காரர் அப்போது கிளாஸ் எடுக்க வந்திருந்தார். "பால்ல ஏடு எடுக்க நான் ஒரு ஸ்பூன் வச்சிருக்கேன். அதுக்கு நீ இத்தனை வருஷமா படிக்கிறே?" என்றார்.

அவளுக்குக் கோபமே வராது. "உங்க ஏடு ஒளிராதுங்களேண்ணே" என்றாள். பிறகு எனக்குச் சொன்னாள். அந்தச் சாமான் கட்டியாக இருக்கும்போது எவ்வளவு லேசர் அடித்தாலும் மக்கு மாதிரி கிடக்கும். இரண்டு ஏடு சேர்ந்திருந்தாலும் ஏறக்குறைய அப்படித்தான். ஒற்றை ஏடாகப் பிரிந்து தனியாக விழுந்தால் மட்டும், நீல லேசர் பட்டதும் அதுவாகவே சிவப்பாக ஒளிவிடும். நீலத்தை வாங்கிக்கொண்டு சிவப்பைத் திருப்பித் தரும்.

"ஒத்தைதானா இல்லையான்னு எப்படித் தெரியும்? அவ்வளவு சன்னமா இருக்குதே" என்றேன்.

"ரெண்டு கொம்பு" என்றாள்.

அவள் கிராஃப்களைக் கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது நான்தான். கோடு சமமாகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு இடத்தில் திடீரென்று இரண்டு கூரான முனைகள் பக்கத்தில் பக்கத்தில் எழும்பும். ஏடுகள் அதிர்கிற அதிர்வு, திரும்பி வருகிற ஒளியில் அப்படி விழுமாம். அடுக்கு அதிகமானால் கொம்புகள் விலகி நிற்கும். குறையக் குறைய நெருங்கும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரந்த கொம்போடு ஒரு ஆடு போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. "இது பல அடுக்குண்ணே, பிரயோஜனமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் எனக்கு எந்த ஆட்டைப் பார்த்தாலும் அடுக்கு எண்ணத் தோன்றுகிறது.

இதெல்லாம் அவள் படிப்பு. அவள் குணம் வேறு. கண்ணாடிக் கூடு ஒன்று எப்போதும் பையில் இருக்கும். அதற்குள் மூக்குக் கண்ணாடி கிடையாது. உடைந்த சி.டி. துண்டு ஒன்று இருக்கும். எந்த விளக்கைக் கண்டாலும் அதை எடுத்துச் சாய்த்துப் பிடித்து, அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்ப்பாள். கோயில் வாசல் விளக்கு, லாரி ஹெட்லைட், பட்டறைச் சூளையின் பார்வைத் துவாரம் எதையும் விடமாட்டாள். பார்த்துவிட்டு அவள் கேட்பது ஒரே கேள்விதான்.

"இது யாரோட வெளிச்சம்?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளக்கோட வெளிச்சம்தானே? அப்படி இல்லையாம். ஒரு வெளிச்சத்துக்குள் பல பேர் இருப்பார்களாம். ஒவ்வொருத்தரும் தனக்கென்று ஒரு நிறம் கொண்டுவருவார்களாம். எல்லாரும் கலந்து வரும்போது நமக்கு ஒரே வெள்ளையாகத் தெரியுமாம். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பிரித்துக் கேட்பதுதான் தன் தொழில் என்பாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் பல்பு விற்றான். "சூரிய வெளிச்சம், சூரிய வெளிச்சம், வூட்டுக்குள்ளயே சூரியன்" என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தான். பெண்ணாடம் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் அவனைச் சுற்றி நின்றது. இவள் போய் சி.டி. துண்டை நீட்டினாள்.

"இதுல சூரியன் இல்லண்ணே. உள்ள ஒரு நீலம் இருக்குது. அது மேல மஞ்சள் மாவு பூசியிருக்காங்க. நீலம் போய் மாவுல பட்டதும் மாவு மஞ்சளா ஒளிவிடுது. ரெண்டும் சேர்ந்து வெள்ளையாத் தெரியுது."

பல்புக்காரனுக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "வாங்குறதுன்னா வாங்கும்மா. யாவாரத்தைக் கெடுக்காத."

"நான் கெடுக்கலண்ணே. நல்ல பல்புதான். பேருதான் தப்பு" என்று சொல்லி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பல்பு இப்போதும் என் கடையில் எரிகிறது.

இந்தக் குணத்தால் அவளோடு பழகுவது சில நேரம் சங்கடம். ஏதாவது ஒன்றைச் சந்தோஷமாகச் சொன்னால், உடனே அது எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். புகழ்ந்தாலும் கேட்பாள். "இந்தச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்குதுண்ணே" என்று ஒருநாள் அவளாகவே சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "இல்ல, டியூப்லைட்டாலயும் இருக்கலாம்" என்றாள். அவள் இப்போது வடக்கே ஏதோ ஊரில் வேலை பார்க்கிறாள். ஊர்ப் பெயர் அவள் அம்மாவுக்கு வாயில் நுழையாது. "பனி பெய்யுதாம்" என்று மட்டும் சொல்வாள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்கு வந்தவள், லீவு முடிகிற சமயம் என் கடையில் உட்கார்ந்து கையிலிருந்த டேப் ரோல் தீர்கிற வரை ஒரு பெட்டி நிறைய ஏடு பிரித்து எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் போன் வந்தது. குரலே வேறு மாதிரி இருந்தது. கிராஃபில் புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம். ஒரு பக்கம் இரண்டு கொம்பு. தள்ளி அந்தப் பக்கம் சிவப்பு ஒளி. இரண்டுக்கும் நடுவில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அகலமாக ஒரு மேடு. அதுவும் ஏட்டின் ஓரங்களில் மட்டும். அவளுடைய கைடு, வயதான மனிதர், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாராம். ஓரத்திலிருந்து மட்டும் வருகிற ஒளி என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார். அதை வைத்து ஒரு கட்டுரை தயாரானது. வெளிநாட்டு மாநாட்டுக்கு அதை அனுப்பினால், அங்கேயே ஒரு ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைக்கிற மாதிரி பேச்சும் நடந்தது. அம்மா பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாயிற்று.

ஆனால் இவள் தூங்கவில்லை. அந்த மேடு என் கடையில் பிரித்த பெட்டியில் மட்டும்தான் இருந்தது. லேபிலேயே பிரித்த ஏடுகளில் இல்லை. ஏதாவது அழுக்கோ என்று கழுவிப் பார்க்கவும் வழியில்லை. கழுவினால் ஏடே மிதந்து போய்விடும். கட்டுரை அனுப்பக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் காலையில் ரயிலிலிருந்து இறங்கி நேராக என் கடைக்கு வந்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் கைடுக்குச் சரி என்று சொல்ல வேண்டும்.

"உங்க கடை மேலதான் சந்தேகம்ணே" என்றாள்.

"என் மேல கேஸ் போட்ற மாதிரி சொல்றியே?"

சிரிக்கவில்லை. பையிலிருந்து நீல டார்ச் ஒன்றை எடுத்தாள். ஸ்பைரல் பைண்டிங்குக்கு மேலட்டையாகப் போடுகிற கண்ணாடித்தாளில் மஞ்சள் நிறத்தில் ஒன்று கேட்டாள். அந்தத் தாள் டார்ச்சின் நீலத்தைத் தடுத்துவிடும், பொருள் தானாக விடுகிற ஒளியை மட்டும் கண்ணுக்கு விடும் என்று சொல்லிக்கொண்டே ஷட்டரைப் பாதி இறக்கினாள். மேஜையைப் பார்த்தாள். லேமினேஷன் தாளைப் பார்த்தாள். துடைக்கிற துணியைப் பார்த்தாள். ஊரில் எல்லார் செருப்பிலும் ஒட்டியிருக்கிற பட்டறை வெள்ளை மண்ணைச் சுரண்டிப் பார்த்தாள். ஒன்றும் ஒளிரவில்லை. ஹைலைட்டர் பேனா மட்டும் பிசாசு மாதிரி எரிந்தது. "இதுதானா?" என்றேன்.

"இல்லண்ணே, இதை நான் தொடவே இல்ல" என்று அதைத் தள்ளி வைத்தாள்.

மத்தியானம் அவள் அம்மா பட்டறையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தவள் மேல் டார்ச் வெளிச்சம் பட்டது.

"ஏண்டி, கூத்தாடி மேல அடிக்கிற மாதிரி என்னாத்துக்கு லைட்டு அடிக்கிறே? காலையிலேருந்து எதுவும் தின்னாம..."

"எம்மா, அசையாத."

மஞ்சள் தாளை எனக்கும் கொடுத்தாள். நானும் பார்த்தேன். புடவையில் தெறித்திருந்த க்ளேஸ் துளிகள் இருட்டாகக் கிடந்தன. ஆனால் அந்த அம்மாவின் நகக்கண்கள் ஒளிர்ந்தன. கழுத்தோரம் ஒளிர்ந்தது. தாலிக் கயிறு, யாரோ உள்ளிருந்து விளக்கேற்றி வைத்த மாதிரி பச்சை கலந்த மஞ்சளாக எரிந்தது.

"இது மஞ்சளாம்மா?"

"பின்ன என்னா பெயிண்டா? வெள்ளிக்கிழமையில மஞ்சள் பூசாம நான் எப்ப இருந்தேன்?"

அந்தப் பிள்ளை டார்ச்சை அணைத்தாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "எம்மா, பூஜை லீவுல என் பையைத் தொட்டியா?"

"உன் பையை நான் எதுக்குத் தொடறேன்?" என்று வெடுக்கென்று சொன்னவள், மகள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும்தான்டி. உங்கப்பா ஸ்பேனருக்குப் பொட்டு வைக்கிறோம், அருவாமனைக்கு வைக்கிறோம், நீ வேலை பாக்குற சாமானுக்கு வைக்க வேணாமா? அந்த இடுக்கியையும் டேப்பையும் எடுத்து சாமி முன்னாடி வச்சேன். டேப்புக்குப் பக்கவாட்டுல வட்டமா இருக்குதே, அங்க மஞ்சள் வச்சு நடுவுல குங்குமம் வச்சேன். மறுநாள் நல்லாத் தொடச்சிட்டுதான் உள்ள போட்டேன். முந்தானையாலதான் தொடச்சேன்."

"அந்த முந்தானையிலயும் மஞ்சள் இருந்திருக்கும்" என்றாள் மகள். கோபமாக இல்லை. கணக்குக்கு விடை வந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி சொன்னாள்.

எனக்குப் பல்புக்காரன் ஞாபகம் வந்தது. நீலம் போய் மாவில் பட்டதும் மாவு மஞ்சளாக ஒளிவிடும். அதையேதான் லேசர் செய்திருக்கிறது. டேப் பிரியும்போது ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் ஏட்டின் ஓரத்துக்குப் போயிருக்கிறது. ஓரத்தின் ஒளிதான், சந்தேகமில்லை.

கிளாஸ் எடுக்க வந்த டீக்கடைக்காரருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. "அப்ப உங்க கைடு பேரு வச்சது மஞ்சப் பொட்டுக்கா?"

அம்மாவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. தூக்கைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றாள். "அய்யோ, என் கையாலயா? வெளிநாட்டு எடம் போயிடுமா? இத பாரு, நான் யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்டி. இவங்களும் சொல்ல மாட்டாங்க. சொல்வீங்களாண்ணே?"

"நான் ஏன்மா சொல்றேன்" என்றார் டீக்கடைக்காரர். "பேரு வச்சாச்சு, எல்லாருக்கும் சொல்லியாச்சு. இருந்துட்டுப் போவட்டுமே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை, எனக்கும் ஆசை. அப்போதுதான் அவள், பேர் வைப்பதற்கு முன்னால் பெத்தவங்க யாரென்று தெரிய வேண்டும் என்று சொன்னாள்.

சொல்லிவிட்டு எங்கள் எதிரிலேயே போனை எடுத்தாள். "சார், இன்னைக்கு அனுப்பாதீங்க. அந்த ஒளி ஏட்டோடது இல்லன்னு நெனைக்கிறேன்... இல்ல சார். எங்கம்மாவோடது." பிறகு அவர் என்னவோ கேட்டார். "நிச்சயமாத் தெரியாது சார். நிச்சயமாத் தெரிஞ்சுக்கத்தான் ரெண்டு நாள் கேக்கறேன்... ஆமா சார். கடைசி நாள் இன்னைக்குத்தான். தெரியும்." அந்த 'தெரியும்' மட்டும் கொஞ்சம் உடைந்து வந்தது. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

அம்மா மெல்ல விசும்ப ஆரம்பித்தாள். "இனிமே உன் சாமானைத் தொடவே மாட்டேன்."

அந்தப் பிள்ளை எழுந்து என் அலமாரியிலிருந்து புது டேப் ரோல் இரண்டு எடுத்தாள், எல்லா டேப்பையும் கையில் ஒட்டிப் பார்த்து அவள் தேர்ந்தெடுத்த அதே வகை. "இது மஞ்சள் படாதது" என்று ஒன்றைக் கவரோடு தன் பைக்குள் போட்டாள். இன்னொன்றைக் கவரைப் பிரித்தாள். என் கடைச் சாமி படத்துக்குக் கீழே கிண்ணத்தில் மஞ்சள் இருந்தது. அதையும் குங்குமச் சிமிழையும் எடுத்து வந்து அம்மாவுக்கு எதிரே மேஜையில் வைத்தாள். அம்மா கையிலிருந்த தூக்கை வாங்கிக் கீழே வைத்தாள். ரோலைப் பக்கவாட்டில் திருப்பி இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு சொன்னாள்:

"அழாதம்மா. அன்னிக்கு எப்படி வச்சியோ, அப்படியே ஒண்ணு வையி."